32 செக்கனில் அறுந்துபோகும் கோல்

இணையத்தில் ஓடும் வீட்டு போனில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அரை நிமிடம் தாண்டியதும் கோல் அறுந்துவிடுகிறதா? அடுத்த முறை கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 32 செக்கன் என்றால் எதிர்மலை டவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. போனை எடுத்த பக்கம் "200 ஓகே" என்று ஒரு செய்தி அனுப்பும். அழைத்த பக்கம் அதற்கு "அக்" என்று பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் எடுத்த பக்கம் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அரைச் செக்கனின் 64 மடங்கு, அதாவது 32 செக்கன் ஆனதும் கோலைக் கைவிட்டுவிடும்.

பதில் தொலைவது பெரும்பாலும் ரவுட்டருக்குள்தான். இணைய போன்கள் கோல் போடப் பேசிக்கொள்ளும் முறைக்கு "சிப்" என்று பெயர். அதைக் கவனிக்க "சிப் ஏஎல்ஜி" என்றொரு வசதி ரவுட்டரில் இருக்கும். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்திக்குள் இருக்கும் முகவரிகளை அது மாற்றி எழுதிவிடும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல், வெளியிலிருந்து கோல் உள்ளே வராதது. அதற்கு மருந்து ரவுட்டரில் இல்லை. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், உங்களுக்கென்று பொது முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. 4ஜி இணைப்பில் இது சர்வசாதாரணம். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டாலும் எதுவும் உள்ளே வராது. ஒரு வகையில் நல்லதுதான். சிப் பயன்படுத்தும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால், 100, 101 என்று உள் போன் எண்களைப் போட்டு கடவுச்சொல்லை ஊகிக்கும் கள்ளர்கள் சீக்கிரமே வந்துவிடுவார்கள்.

ஹட்டன் பக்கம் தோட்டத்து வீட்டில் பழைய மேசை போன், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கைப்பேசி. இந்த இரண்டையும் இணைக்க எனக்குப் பிடித்த அமைப்பு இது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளைப் போட்டு வீட்டு ரவுட்டரில் செருகுங்கள். மேசை போனுக்கு, பழைய போனை இணையத்தோடு இணைக்கும் கிரான்ட்ஸ்ட்ரீம் எச்டி801 பெட்டி. அதன் முகவரி தெரிய ரிசீவரை எடுத்து மூன்று நட்சத்திரம் அழுத்தி, பிறகு 02 அழுத்தினால் பெட்டியே வாசித்துச் சொல்லும். ராஸ்பெரி பையிலும் பிள்ளைகளின் போன்களிலும் டெய்ல்ஸ்கேல் போடுங்கள். அது இவற்றை இணையத்தின் வழியே ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும், பொது முகவரி தேவையில்லை. கைப்பேசியில் பேசுவதற்கு லின்போன் என்ற ஆப் போதும். மறக்காமல் இரண்டு ஆப்களுக்கும் பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு அவற்றைத் தூங்க வைத்துவிடும், கோல் வந்தாலும் மணி அடிக்காது.

இந்த அமைப்பில் மணி அடித்து, எடுத்ததும் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அல்லது இரண்டு பக்கமும் ஊமையானால், பார்க்கவேண்டிய இடம் ஆஸ்டரிஸ்கில் உள்ள "டைரக்ட் மீடியா" அமைப்பு. அதற்கு "நோ" கொடுங்கள். அது "யெஸ்" ஆக இருந்தால் எச்டி801ஐயும் கைப்பேசியையும் நேராகப் பேசச் சொல்லி ஆஸ்டரிஸ்க் ஒதுங்கிக்கொள்ளும். பெட்டிக்கோ டெய்ல்ஸ்கேல் முகவரி தெரியாது, குரல் போய்ச் சேராது. முன்பு எப்போதாவது ஆஸ்டரிஸ்கில் வெளி முகவரி எழுதி வைத்திருந்தால், "லோக்கல் நெட்" பட்டியலில் வீட்டு நெட்வொர்க்கோடு டெய்ல்ஸ்கேல் முகவரிகள் அடங்கிய 100.64.0.0/10ஐயும் சேர்க்கவேண்டும். விட்டுப்போனால் அதே ஊமைக் கோல்தான்.

டேட்டா கணக்கு: ஜி.711 என்ற குரல் வடிவத்தில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரு திசைக்கும் சேர்த்து 72 எம்பி. டெய்ல்ஸ்கேல் உறையோடு ஏறக்குறைய 96. ஒரு திசைக்கு 100 கேபிபிஎஸ் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே ஸ்பீட் டெஸ்டில் 20 எம்பிபிஎஸ் காட்டியும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால் குறை வேகத்தில் இல்லை. குரல் செக்கனுக்கு 50 டேட்டா பொட்டலங்களாகப் போகிறது. அவை சீராக வந்து சேராததுதான் கோளாறு. தகரக் கூரைக்குக் கீழே நடு அறையில் ரவுட்டரை வைத்தால் அப்படித்தான் ஆகும். டவரைப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றுங்கள். ரவுட்டரின் சிக்னல் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) மைனஸ் 110ஐ ஒட்டி நின்றால் தடுமாறும், மைனஸ் 95க்கு மேலே வந்தால் நிம்மதி. மேட்டில்தான் சிக்னல் என்றால் அன்டெனா வயரை நீட்டாதீர்கள், நீளம் கூடக்கூட சிக்னல் குறையும். ரவுட்டரையே மேட்டில் வைத்து லேன் வயரை இழுங்கள், 100 மீற்றர் வரை தாங்கும்.

ஆனால் அந்த வயர் வெட்டவெளியில் தொங்கக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமழை இங்கே கடுமை. மின்னல் தூரத்தில் இறங்கினாலே போதும், செம்பு வயர் வழியாக வந்து ரவுட்டர், பை, பெட்டி மூன்றையும் சேர்த்து எரித்துவிடும். ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு இழுப்பதென்றால் வயரில்லாமல் இணைக்கும் வைஃபை பிரிட்ஜ் பாதுகாப்பானது. வானம் இருண்டு வரும்போதே, இடி கேட்பதற்கு முன் வயரைக் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் வயரைத் தொடாதீர்கள்.

கரண்ட் போனால் எச்டி801க்கு 5 வோல்ட் பவர் பேங்க் போதும். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், அதற்குச் சின்ன டிசி யூபிஎஸ் தனியாக வேண்டும். ராஸ்பெரி பையையும் மாற்று மின்சாரம் இல்லாமல் விடாதீர்கள். கரண்ட் திடீரென்று நின்றால் எஸ்டி கார்ட் கெட்டுப்போகும், அமைப்புகளின் பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். இந்த மேசை போனிலிருந்து 1990 அம்புலன்ஸுக்கோ 119க்கோ கோல் போகாது. அதை ஒரு துண்டில் எழுதி போனிலேயே ஒட்டிவிடுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம்.