இரவு இரண்டு மணிக்கு எரியும் மின்சாரம்

பல்கலைக்கழகத்தின் பொறியியல் பராமரிப்புப் பிரிவில் மோட்டார், பம்பு, மின்மாற்றி என்று காலம் கழித்த என்னிடம், ஒரு நாள் ‘பசுமை வளாகப் பொறுப்பாளர்’ என்ற பதவியையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். வேலை பெரிதாக மாறிவிடவில்லை. முன்பு மோட்டார் எரிந்தால் கூப்பிட்டார்கள். இப்போது மரம் நடும் விழாவுக்கும் கூப்பிடுகிறார்கள். அந்த விழாக்களில் நின்றுகொண்டே நான் யோசிப்பது இதைத்தான்: ஒரு வளாகம் பசுமையாக இருக்கிறதா என்பதைப் பகலில் சுற்றிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

எங்கள் துணை மின்நிலையத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுமையை, அதாவது வளாகம் எடுக்கும் மின்சாரத்தின் அளவை, பதிவு செய்யும் மீட்டர் ஒன்று இருக்கிறது. கட்டண ரசீதைச் சரிபார்க்க மட்டுமே அதைப் பயன்படுத்தி வந்தோம். பொறுப்பேற்ற பிறகு அந்தப் பதிவுகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். காலையில் ஏறி, பிற்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் இறங்கும் கோடு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இரவு. மணி இரண்டு. வகுப்புகள் இல்லை, அலுவலகங்கள் இல்லை, நூலகம் பூட்டியாயிற்று. அப்போதும் சுமை பகல் உச்சத்தில் பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் பசுமைக் குழு ஒவ்வொரு சுவிட்சுக்கு அருகிலும் ‘தேவையில்லாதபோது விளக்கை அணைக்கவும்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டட்டும், நல்லதுதான். ஆனால் விளக்குகளெல்லாம் எல்இடிக்கு மாறிவிட்ட ஒரு வளாகத்தில், இரவு இரண்டு மணிக்கு மின்சாரத்தைத் தின்பது விளக்கல்ல. மாடியில் ஓடும் வெளியேற்று விசிறிகள், அடித்தளத்தில் ஓடும் காற்றுப் பதன (ஏசி) இயந்திரங்கள், ஆய்வகங்களின் உறைபெட்டிகள், சர்வர் அறை, பம்புகள். இவற்றின் சுவிட்சுகள் பூட்டிய அறைகளுக்குள் இருக்கின்றன. அங்கே ஒட்டுவதற்கு யாரும் போகவில்லை.

போய்ப் பார்த்ததில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிறிய திருகு சுவிட்ச். காற்றுப் பதன இயந்திரங்களின் பேனலில் ‘ஆட்டோ’, ‘ஆஃப்’, ‘ஹேண்ட்’ என்று மூன்று நிலைகள் இருக்கும். ஆட்டோவில் இருந்தால் கணினியில் போட்ட நேர அட்டவணைப்படி ஓடும். ஹேண்டில் இருந்தால் அட்டவணை என்ன சொன்னாலும் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதோ ஒரு மாலை நேர நிகழ்ச்சிக்காகக் கலையரங்கத்தின் இயந்திரத்தை ஹேண்டுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் மட்டும் ‘இரவு 8 மணிக்கு நிறுத்தம்’ என்று அழகாக எழுதியிருந்தது.

திருப்பி வைத்தோம். சில வாரங்களில் மீண்டும் ஹேண்டுக்குப் போயிருந்தது. ஆபரேட்டரைக் குறை சொல்வது எளிது. நான் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். ‘சார், ஒரு நாள் காலையில் கூட்டம் நடக்கும்போது இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தால் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எனக்குத்தான் போன் வரும். இரவெல்லாம் சும்மா ஓடினால் யார் போன் செய்வார்கள்?’ என்றார். என் பணிக்காலத்தில் கேட்ட மிகத் துல்லியமான பகுப்பாய்வு அதுதான். நின்றால் கேள்வி வரும், ஓடினால் வராது என்ற ஏற்பாட்டில் எல்லாமே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

விசிறிகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். விசிறியின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் அதே விகிதத்தில் குறைவதில்லை. வேகத்தின் கனத்துக்கு (அதே எண்ணை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் குறைகிறது. ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ பாதி மின்சாரம் போதும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி அப்படி ஓட்டிய கட்டடங்களில், அறையில் இருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தெரியாததால் பாராட்டும் இல்லை, புகைப்படமும் இல்லை.

ஆய்வகங்கள் தனி உலகம். வேதியியல் ஆய்வகத்தில் ஃப்யூம் ஹூட் என்ற கண்ணாடிக் கூண்டு இருக்கும். நச்சுப் புகை ஆய்வாளரின் முகத்துக்கு வராமல் அதை உறிஞ்சி வெளியே தள்ளுவது அதன் வேலை. அது வெளியே தள்ளுவது புகையை மட்டுமல்ல. பணம் செலவழித்துக் குளிரூட்டிய அறைக் காற்றையும் நாள் முழுவதும் வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து வரும் காற்றை மறுபடி குளிரூட்ட வேண்டும். கண்ணாடிக் கதவை இறக்கி வைத்தால் மின்சாரம் மிச்சம் என்று பல பல்கலைக்கழகங்கள் ஆய்வகங்களுக்கிடையே போட்டியே நடத்துகின்றன. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கதவு இறங்கும்போது விசிறியும் தானாகத் தணியும் வகை ஹூட்டாக இருக்க வேண்டும். பழைய வகையில் கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் விசிறி இழுப்பது ஏறக்குறைய ஒரே அளவுதான். எங்கள் கட்டடங்களில் பாதி பழைய வகை. அங்கே கதவை மூடச் சொல்வது பாதுகாப்புக்கு நல்லது, மின் கட்டணத்துக்கு ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னபோது பசுமைக் குழுவில் சிலருக்கு என் மேல் வருத்தம். சுவரொட்டி அச்சாகி வந்துவிட்டது.

உயிரியல் துறையில் ஆய்வு மாதிரிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் உறைபெட்டிகள். பழைய பெட்டி ஒன்று ஒரு நாளைக்கு 20 யூனிட் வரை எடுக்கும். நம் ஊரில் சாதாரண வீடு ஒன்றுக்கு ஆகும் மின்சாரத்தைவிட இது அதிகம். மைனஸ் 70க்கு உயர்த்தினால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும், பெரும்பாலான மாதிரிகளுக்கு அந்தக் குளிர் போதும் என்று உலகெங்கும் ஆய்வகங்கள் மாறி வருகின்றன. இதை எடுத்துக்கொண்டு ஒரு மூத்த பேராசிரியரிடம் போனேன்.

‘பதினைந்து ஆண்டு மாதிரிகள் இதற்குள் இருக்கின்றன. உங்கள் மின் கட்டணத்துக்காக இதைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்களா?’ என்று கேட்டார்.

‘பணயம் வைக்கச் சொல்லவில்லை, மேடம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் மட்டும் எடுக்கலாமா?’ என்றேன்.

பட்டியல் எடுத்தது அவருடைய ஆய்வு மாணவர்கள்தான். பட்டம் பெற்று எப்போதோ போய்விட்டவர்களின் பெட்டிகள், எழுத்து அழிந்துபோன குப்பிகள், ஒரே மாதிரியின் பல நகல்கள் என்று வெளியே வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஓர் உறைபெட்டியை முழுவதுமாக நிறுத்திவிட முடிந்தது. மீதமுள்ளவை இன்றும் மைனஸ் 80இல்தான் இருக்கின்றன. அவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மேலே வற்புறுத்தவில்லை. மாதிரி கெட்டால் இழப்பு அவருடையது, மின்சாரம் மிச்சமானால் லாபம் பல்கலைக்கழகத்துடையது. இந்தக் கணக்கில் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மின் கட்டணம் மையக் கணக்கிலிருந்து போகிறது; துறைக்கு அதன் தொகைகூடத் தெரியாது. புவி வெப்பமாதலைப் பற்றிப் பாடம் நடத்தும் துறைக்கும் தெரியாது.

குளிர்சாதனங்களில் கசியும் வாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கேஸ் போடுவது’ என்பது பழுது நீக்கும் செலவுத் தலைப்பில் போகும் சாதாரண வேலை. பரவலாகப் புழங்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், புவியைச் சூடாக்கும் அளவில் அது சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரே இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் கேஸ் போடுகிறோம் என்றால், போட்டதெல்லாம் காற்றில்தான் இருக்கிறது என்று பொருள். எந்த இயந்திரம் எவ்வளவு கசிகிறது என்பதற்கான முழு விவரமும் எங்கள் கிடங்குப் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தது. யாரும் அந்தக் கண்ணோடு அதைப் படித்ததில்லை.

நான் மிகுந்த நேரம் செலவிட்டது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். ஒரு நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்தின் நிலையத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நகரம் விடுமுறைக்குப் போவதில்லை. இங்கே தேர்வு முடிந்த மூன்றாம் நாள் விடுதிகள் காலி. தொட்டிக்கு வரும் கழிவு சட்டென்று சிறு ஓடையாகச் சுருங்கிவிடும். ஆனால் அங்கே கழிவைத் தின்று நீரைத் தெளிய வைப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். உணவு நின்றால் அவை மெலிந்து, ஒன்றன் உடலை ஒன்று தின்று, எண்ணிக்கையில் குறைந்துபோகும். காற்று ஊதும் இயந்திரம் மட்டும் காலித் தொட்டிக்கு முழு வேகத்தில் ஊதிக்கொண்டிருக்கும். பிறகு பருவம் தொடங்கும்; இரண்டே நாட்களில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். குறைந்துபோன கூட்டத்தின் தலையில் முழுச் சுமை. தொட்டியில் வெள்ளை நுரை பொங்கும், வெளியேறும் நீர் கலங்கி நாறும். அந்த நீர்தான் கழிப்பறைகளுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. புகார் வந்தவுடன் நிர்வாகம் சொல்வது ஒன்றே: மறுசுழற்சி நீரை நிறுத்து, நல்ல நீரைத் திருப்பிவிடு. இப்படி ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நல்ல நீர் கழிப்பறையில் கொட்டியது.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. விடுமுறைக்கு முன்பே இரண்டு தொட்டிகளில் ஒன்றை ஓய்வில் வைத்து, காற்றை விட்டு விட்டு ஊதி, நுண்ணுயிர்கள் வாழும் சேற்றை வெளியேற்றுவதை நிறுத்தி அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றலாம். திறப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்து படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். நிலையத்தின் மூத்த ஆபரேட்டருக்கு இதெல்லாம் கைவந்த கலை. பேனல் கதவின் உட்புறம் கல்வி நாட்காட்டியை ஒட்டி வைத்திருந்தார். சிக்கல் என்னவென்றால், தேர்வு தள்ளிப்போனாலோ திறக்கும் நாள் மாறினாலோ அவருக்கு யாரும் சொல்வதில்லை. சுற்றறிக்கை எல்லாத் துறைத் தலைவர்களுக்கும், எல்லா விடுதிக் காப்பாளர்களுக்கும் போகும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. அந்த நகல் பெறுவோர் பட்டியலில் அவரைச் சேர்க்க நான் மூன்று மேசைகளில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பேராசிரியர் சிரித்தேவிட்டார். சேர்த்த பிறகு வந்த பருவத் தொடக்கத்தில் நுரை இருந்தது, நாற்றம் இல்லை. நீரைத் திருப்பிவிடச் சொல்லி உத்தரவும் வரவில்லை.

குப்பைத் தொட்டிகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மாணவர்கள் பிரித்துப் போட்டதைத் துப்புரவுப் பணியாளர்கள் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்று புகார் வந்தால், பணியாளருக்கு வகுப்பெடுப்பதற்கு முன்னால் அவருடைய தள்ளுவண்டியைப் போய்ப் பாருங்கள். எங்கள் வண்டியில் இருந்தது ஒரே பெட்டி.

இனி, வெளியே தெரியும் பக்கம். 1990-ல் பிரான்சின் தல்வார் நகரில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் கூட்டிய மாநாட்டில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் சுற்றுச்சூழல் பற்றிய பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்திப் பல்கலைக்கழகமே முன்மாதிரியாக நடக்க வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். பின்னர் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. 2010-ல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகங்களைப் பசுமையில் வரிசைப்படுத்தும் கிரீன்மெட்ரிக் தரவரிசையைத் தொடங்கியது. 2019-ல், ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளை வைத்து மதிப்பிடும் டைம்ஸ் உயர்கல்வி இதழின் தாக்கத் தரவரிசை வந்தது. தரவரிசைகளை நான் கேலி செய்ய மாட்டேன். அவை வராதிருந்தால் எனக்கு இந்தப் பதவியே இருந்திருக்காது. ஆனால் படிவத்தை நிரப்புவது என் வேலையின் பெரும்பகுதியை விழுங்குகிறது. தாவரப் பரப்பு எவ்வளவு, பசுமைப் பாடங்கள் எத்தனை என்று கேட்கிறார்கள், ஆண்டு மின் பயன்பாட்டையும் கேட்கிறார்கள். இரவுச் சுமைக்கு ஒரு கட்டம் இல்லை.

கார்பன் சமநிலை (வெளிவிடும் கரியமில வாயுவை முழுவதுமாக ஈடுகட்டும் நிலை) அடையும் ஆண்டை நாமும் அறிவித்துவிடலாமே என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கல்லூரி அதை அடைந்துவிட்டதாக 2007-லேயே அறிவித்தது, மிடில்பரி கல்லூரி 2016-ல் அறிவித்தது என்று எடுத்துக்காட்டினார்கள். மிடில்பரி மரச்சில்லுகளை எரிக்கும் கொதிகலனும் வைத்திருக்கிறது, தனக்குச் சொந்தமான வனநிலத்தைப் பாதுகாத்ததையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. நம்மிடம் வனம் இல்லை, ஹேண்டில் கிடக்கும் சுவிட்சுகள் இருக்கின்றன என்றேன். தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார்.

கூரையில் சூரியத் தகடுகள் போட்டிருக்கிறோம். திறப்பு விழா சிறப்பாக நடந்தது. தகடுகளின் மின்சாரத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு இன்வர்ட்டர் பழுதாகி வாரக்கணக்கில் நின்றிருந்ததை எந்தத் துறையும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எந்த விளக்கும் அணையவில்லை. தகடு நின்ற அளவுக்கு வெளி மின்சாரம் தானாக வந்து நிரப்பிவிட்டது.

மாணவர்களிடம்தான் எனக்கு நம்பிக்கை, அதே சமயம் ஆயாசமும். சூழல் மன்றத்தில் துடிப்பான ஒரு குழு வரும். இரண்டு ஆண்டுகளில் வளாகத்தை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். அடுத்த குழு மீண்டும் விளக்கு, சுவரொட்டி என்று தொடங்கும். இதை மாற்றியது ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேடு. மீட்டர் தரவு முழுவதையும் கேட்டு வாங்கி, வளாகம் ஞாயிற்றுக்கிழமையும் எந்தெந்த நேரங்களில் வேலை நாள் போலவே மின்சாரம் எடுக்கிறது என்று வரிசைப்படுத்தினார். அதுவரை அந்தத் தரவை வளாகத்தில் எவரும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்கிறார்கள். ஆய்வேடு நூலகத்தில் இருப்பதால் அடுத்தவர் அங்கிருந்து தொடங்க முடிகிறது.

இந்த ஆண்டு நான் கேட்டிருப்பது கட்டடம் வாரியாக மீட்டர்கள். நிதிக் குழு சில கட்டடங்களுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, எவை என்று என்னையே முடிவு செய்யச் சொன்னது. வேதியியலையும் உயிரியலையும் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பட்டியலில் நான் முதலில் எழுதியது நிர்வாகக் கட்டடத்தை. ஆய்வகங்களிடம் இரவுக் கணக்குக் கேட்கப் போகும்போது ‘உங்கள் அலுவலகத்தில் எவ்வளவு?’ என்ற கேள்வி எப்படியும் வரும். பதில் கையில் இருக்கட்டும்.