அண்ணே, இதுவும் தோண்டி எடுத்ததா?

பழம்பொருள் கூடத்தில் இன்றைய கலைஞர் ஒருவரின் படைப்பை வைத்தால், காவலுக்கு நிற்பவரிடம் முதலில் வரும் கேள்வி இதுதான். எப்போதாவது வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தால், அமைத்தவர்கள் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். புதுசு பழசோடு பேசட்டும், வம்பிழுக்கட்டும். பழசு மாதிரி வேஷம் கட்டக் கூடாது.

கீழடியை வைத்தே சொல்கிறோம். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய ஓடுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே, இப்போது சுட்ட 300 ஓடுகளைக் கூட்டமாகத் தொங்கவிட வேண்டும் என்று ஒரு கலைஞர் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2012 கொச்சி பினாலே கலைவிழாவில் ஓவியர் விவான் சுந்தரம், கேரளத்தில் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த ஓடுகளையே எடுத்துத் தன் படைப்பை உருவாக்கினார். இங்கே அதற்கு வழியில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பதிவெண்ணோடு இருக்கும் ஓட்டில் துளை போட முடியாது. புது மண்தான் வேண்டும். அதனால் வேலை கண்மாய்க் கரையிலேயே தொடங்கிவிடும்.

நம் பக்கத்துக் கண்மாய் மண்ணில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்திருக்கும். கடுகளவு துணுக்கு போதும், காரியம் கெட்டுவிடும். 800, 900 டிகிரி சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. சூளையைப் பிரிக்கும்போது ஓடு பளிச்சென்று இருக்கும். தட்டினால் கணீரென்று கேட்கும். அதன்பின் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துச் சுண்ணாம்பு உள்ளேயே ஊதும். பத்து நாளிலோ ஒரு மாதத்திலோ ஓட்டின் முகம் சில்லாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் புனல் மாதிரி ஒரு குழி, அதன் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு. தலைக்கு மேல் தொங்கும் ஓட்டில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்காலத்தில் காட்சி வைத்தால் இன்னும் வேகமாக நடக்கும்.

தடுக்க வழி உண்டு. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடித்து, தெளியவிட்டு எடுக்க வேண்டும். சூளையிலிருந்து எடுத்த ஓடுகளை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தி, மூன்று நான்கு வாரம் வெளித் தாழ்வாரத்தில் கிடக்கவிட்டால், தெறிக்க வேண்டியது பெரும்பாலும் அங்கேயே தெறித்துவிடும். மண் பிசையவும் ஊறப்போடவும் உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால் இன்னொரு தொல்லை: காயக் காய ஓட்டின் மேல் வெள்ளையாக உப்பு பூக்கும். திறப்பு விழா தேதியை முதலில் குறித்துவிட்டு மண்ணைத் தேடுபவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எரிச்சலூட்டும். மண் யாருடைய தேதிக்கும் காயாது.

அளவு விஷயம். மண் காய்ந்து சுடும்போது 8 முதல் 10 சதவீதம் சுருங்கும். 10 செ.மீ. ஓடு வேண்டுமானால் பச்சையில் 11 செ.மீ. வெட்டுங்கள். துளையும் சேர்ந்தே சுருங்கும்; 4.5 மி.மீ. வேண்டுமென்றால் 5 மி.மீ. குச்சியால் குத்துங்கள். சுட்டபின் டிரில் போட்டால் பாதி ஓடு விரிசல் விடும். ஓட்டுக்கு இரண்டு துளை அவசியம். ஒற்றைப் புள்ளியில் தொங்கினால் மின்விசிறிக் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். 300 தொங்கவிட 400 செய்துவைப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொன்றின் உட்பக்கமும் பச்சை மண்ணிலேயே செய்த ஆண்டை முத்திரையாக அழுத்திவிட வேண்டும். எழுத்து கீறிய புது ஓடு ஒன்று கைமாறிப் போய், பத்து வருடம் கழித்துத் 'தொல்பொருள்' என்று விலை பேசப்படக் கூடாதல்லவா?

தொங்கவிடத் தங்கூசி நரம்பு (தூண்டில் போடும் நைலான் இழை) வேண்டாம். கண்ணுக்குத் தெரியாது என்று எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நாளாக ஆக அது நீளும், முடிச்சு நழுவும், சுட்ட மண்ணின் விளிம்பு அதை அரம் போல அறுக்கும். 1 மி.மீ. ஸ்டீல் வயர் ரோப்பை எடுத்து, துளைக்குள் போகும் இடத்தில் சிறு நைலான் குழாய் மாட்டுங்கள். 6 மி.மீ. கனமுள்ள ஓடு ஒன்று சுமார் 110 கிராம், ஆக மொத்தம் 33 கிலோ. பெரிய பாரமில்லை. ஆனால் கூரையிலோ சுவரிலோ ஆணி அடிக்கக் கூடாது. தானாக நிற்கும் இரும்புச் சட்டம் வேண்டும். சட்டத்தின் ஒவ்வொரு காலுக்கும் 40 கிலோ அடிப்பாரம், அடியில் தரை கீறாமலிருக்க ஃபோம் ஷீட். பாரம் ஓடுகளுக்காக அல்ல, எட்டிப் பிடித்து இழுக்கும் பிள்ளைகளுக்காக. சட்டத்துக்கு எனாமல் பூசினால் வாடை முழுக்கப் போகும்வரை வெளியிலேயே நிற்கட்டும். பவுடர் கோட்டிங் இன்னும் நல்லது.

வாடை என்றதும் நினைவுக்கு வருவது பழம்பொருள் பெட்டிகளில் இருக்கும் சங்கு வளையல். பிளைவுட்டும் வெள்ளைப் பசையும் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது சங்கின்மேல் வெள்ளைப் பொடியாகப் படிந்து பொருளையே அரித்துவிடும். பழைய பெட்டிக்குள் புதுப் பலகைத் தட்டு செருகும் யோசனை வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வெளிச்சத்தில்தான் அதிகம் சொதப்புவது. பானை ஓட்டுக்கு வெளிச்சம் கெடுதல் செய்யாது, 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கொடுக்கலாம். துணி, ஓலைச்சுவடி என்றால் 50 லக்ஸோடு சரி. மதுரை தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இருக்கிறது. அதற்கு எதிரே ஸ்பாட் லைட்டும் வேண்டாம், கலைப்படைப்பும் வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

கீழடி மாதிரிக் கூடத்தில் சிக்கல் வேறு. புது ஓடுகள்மேல் விளக்கைப் பாய்ச்சினால், அவற்றின் பிம்பம் எதிர்ப் பெட்டியின் கண்ணாடியில் விழும். 'ஆதன்' என்ற கீறலைப் படிக்கக் குனிபவருக்குத் தெரிவது புது ஓட்டின் சிவப்புதான். விளக்கின் கோணத்தை மாற்றுங்கள், புதுசின் வெளிச்சத்தைப் பழசைவிட ஒரு படி குறையுங்கள். பெரியவர் உயரத்தில் நின்று பார்த்தால் போதாது. ஐந்து வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குந்தி, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவர வேண்டும். அரை நாள் வேலை. ஆளுக்கு முழங்கால் வலிக்கும்.

விளக்க அட்டையில் 'மண், கம்பி, 300 ஓடுகள், சுட்ட ஆண்டு' என்பதை முதல் வரியாகப் போடுங்கள். கலைஞரின் தத்துவம் அடுத்த பத்தியில் வரட்டும். காவலர்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி விளக்குங்கள். அவர்கள்தான் தினமும் பதில் சொல்லப்போகிறவர்கள்.

கழற்றும் நாளில் எண்ணிக்கை முக்கியம். 300 உள்ளே வந்தால் உடைந்த சில்லோடு சேர்த்து 300 வெளியே போக வேண்டும். குப்பை என்று பக்கத்துத் தோப்பில் கொட்டிவிடாதீர்கள். சுற்றிலும் இன்னும் தோண்டாத நிலம் கிடக்கிறது. சாக்கில் கட்டி, சுட்டுக் கொடுத்த வேளார் (குயவர்) வீட்டுக்கே அனுப்புங்கள். அடுத்த சூளையை மேலே மூடுவதற்கு அவர்களுக்கு உடைந்த ஓடு எப்போதும் வேண்டியிருக்கும்.