வெறும் குடுவையும் நீலமானது

பி.எஸ்சி. உப்புப் பகுப்பாய்வில் நிக்கல் கரைசலுக்கு அம்மோனியாவும் டைமெத்தில் கிளையாக்சைமும் விட்டால் ரோஸ் நிறத்தில் வீழ்படிவு இறங்கும். அந்த ரோஸ் நிறத்தில்தான் என் ஆராய்ச்சி தொடங்கியது என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில், வழிகாட்டியிடம் அப்போது காலியாக இருந்த தலைப்பு யூரியேஸ், அவ்வளவுதான்.

யூரியாவை உடைத்து அம்மோனியா விடும் நொதி அது. கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் நெடி அதன் கைவண்ணம். 1926-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் ஜாக் பீன் என்ற அவரை வகையின் மாவிலிருந்து அதைப் படிகமாக எடுத்து, நொதி என்பது புரதம்தான் என்றார். பெரிய ஆட்கள் நம்பவில்லை. 1946-இல் நோபல் பரிசே வந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்த நிக்கல் கண்ணில் பட 1975 ஆனது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பர்ட் ஸெர்னர் குழு கண்டது. 49 வருஷம்! 'புரதம்' என்ற பதிலோடு கேள்வி முடிந்துவிட்டதாக எல்லோரும் இருந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

1995-இல் வந்த படிக அமைப்பில் இரண்டு நிக்கல் அயனிகள், சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) இடைவெளியில். அதேபோல இரண்டு நிக்கலை ஒரு சிறிய லிகண்டில் (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) உட்காரவைத்து யூரியாவை உடைக்க வைப்பது என் வேலை. ஒரு பச்சைச் சேர்மம் கிடைத்தது. யூரியாவோடு பஃபரில் (அமில-காரநிலை மாறாமல் காக்கும் கரைசல்) வைத்து, பீனாலும் ஹைப்போகுளோரைட்டும் விட்டேன்; அம்மோனியா இருந்தால் நீலமாகும். நல்ல நீலம். அம்மோனியா! மூன்று வாரம் தரையில் கால் பாவவில்லை.

சேர்மம் போடாத குடுவையை ஒருநாள்தான் வைத்துப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அதுவும் நீலம்.

கொதித்தால் நொதி செயலிழந்துவிடும்; பஃபரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. வெறும் குடுவையும் சரி, என் சேர்மம் போட்டதும் சரி, நீலமாகவில்லை. பக்கத்து மேசையில் ஜாக் பீன் மாவிலிருந்து நொதி பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தொட்ட பிப்பெட்டை யாரோ பொது பஃபர் பாட்டிலில் விட்டிருக்க வேண்டும். அது நானாகவும் இருக்கலாம். என் சேர்மத்தை மில்லிகிராம் கணக்கில் கொட்டியும் நடக்காததை, பிப்பெட் நுனியில் ஒட்டியிருந்த துளி செய்திருக்கிறது.

வழிகாட்டி திட்டவில்லை. "நொதி நன்றாக வேலை செய்கிறதப்பா" என்றார். அப்புறம் என் பெயர் எழுதி ஒட்டிய பஃபர் பாட்டிலை அலமாரியில் பூட்டியே வைத்தேன்.