அதிகாரி மாறிப்போனால் முறைப்பாடு எங்கே போகும்?

மட்டக்களப்பில் எங்கள் பின்வளவில் இருக்கும் மாமி, போன கிழமை ஒரு பழைய பொலித்தீன் உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பதிவுத் தபால் பற்றுச்சீட்டும், மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு கடிதப் பிரதியும் இருந்தன. விசாரணைக்கென்று கூட்டிச் சென்ற மகனை பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் அடித்தது பற்றி 2019 இல் அவர் அனுப்பிய முறைப்பாடு அது. பின்னர் மாமியை அழைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டது, கையொப்பமிட முன்னர் யாரும் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அதன்பின் ஒரு பதிலும் வரவில்லை.

"மகன், அந்த ஐயா மாறிப் போயித்தாராம். என்ட கடுதாசியும் அவரோட போயித்தா?"

காணாமல் போயிருக்கக் கூடாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தபின் உருவான பதிவுகளை, பகிரங்க அதிகாரசபைகள், அதாவது பொலிஸ் போன்ற அரச நிறுவனங்கள், 12 வருடங்களுக்குக் குறையாமல் பேண வேண்டும். ஆகவே மாமியின் முறைப்பாடு 2031 வரையாவது கோப்பில் இருந்தாக வேண்டும். பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்கும் பொறுப்பை அரசியலமைப்பே தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது.

நிரூபிக்கப்படாத முறைப்பாட்டை எதற்காக வைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் நிரூபிக்கப்பட்டவற்றை 15 வருடங்களும் மற்றவற்றை 5 வருடங்களும் குறைந்தபட்சம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அடைத்த அறைக்குள் விழுந்த அடிக்குச் சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் ஒரே அதிகாரியின் மேல் மூன்று ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத மூன்று தாய்மார் ஒரே விதமாக எழுதியிருந்தால், அக்கடிதங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியவரும். இடமாற்றத்தோடு கோப்பும் தொடராவிட்டால் அந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது. நிரூபிக்கப்படும் வரை அதிகாரியின் பெயரைப் பகிரங்கப்படுத்த வேண்டாம் என்பதை நான் ஏற்கிறேன். முறைப்பாடு செய்தவரின் பெயரோ ஒருபோதும் வெளியே போகக் கூடாது. ஆனால் விசாரணையின் முடிவை அவருக்கே மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அன்றிரவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இப்படியான கோரிக்கைகளை ஏற்கும் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதினோம். காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை மாமி நம்பவே இல்லை. முறைப்பாட்டின் இலக்கம், விசாரணை முடிவு, வாக்குமூலத்தின் பிரதி ஆகிய மூன்றையும் கேட்டோம். தகவல் தரப்படுமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுநாள் தபாலகத்தில் கிடைத்த புதிய பற்றுச்சீட்டை மாமி பழையதோடு சேர்த்து அதே உறைக்குள் வைத்தார்.