அப்பாயி வீட்டுப் பழைய சாமானை ஒழிக்க நான் பட்ட பாடு

பாபநாசம் பக்கம் கிராமத்துல எங்க அப்பாயி வீடு ரொம்ப நாளா பூட்டியே கெடந்துச்சு, வாடகைக்கு விடலாம்னு முடிவானதும் சாமானை ஒழிக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. குப்பையில கொட்டாம எதெல்லாம் மறுசுழற்சிக்குப் போகுமோ அதையெல்லாம் அனுப்பிடணும்னு எனக்கு ஒரு வீம்பு.

பித்தளை, செம்பு, இரும்பு சுலபம். கும்பகோணத்துல பாத்திரக் கடையில அரத்தால ராவிப் பாத்து எடை போட்டு காசு குடுத்துட்டாங்க (நாச்சியார்கோயில் குத்துவிளக்கை மட்டும் நான் குடுக்கல). இன்வெர்ட்டர் பேட்டரியை புதுசு வாங்குன கடையிலயே கழிச்சுக்கிட்டாங்க, அதுல இருக்கிற ஈயத்துக்கு நல்ல விலை, சும்மா தூக்கிக் குடுத்துடாதீங்க.

அதுக்கப்புறம்தான் கூத்து. பேப்பரும் பிளாஸ்டிக்கும் எடுக்க வந்த பழைய பேப்பர் கடைக்காரர் கட்டுக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டு "அடியில ஈரமா இருக்குக்கா, பாதி விலைதான்"ன்னாரு. சரி, நம்ம ஊர் மழைக்கு பேப்பர் நமுத்துதான் போகும், நியாயம்னு விட்டேன். ஆனா கட்டு கட்டா தொங்கவிட்டு எடை சொல்றப்ப கணக்கு இடிச்சுது. நேரா உள்ள போயி அஞ்சு லிட்டர் தண்ணி கேனை ரொப்பி எடுத்துட்டு வந்து அவர் தராசுலயே மாட்டச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, கேனோட சேத்து அஞ்சுக்கு மேல காட்டணும்ல, முள்ளு நாலு தாண்டி கொஞ்சம் போயி நின்னுடுச்சு. "ஸ்பிரிங் பழசாயிடுச்சுக்கா"ன்னு தலையைச் சொறிஞ்சாரு, அடுத்த தடவை எலக்ட்ரானிக் தராசோட வந்தாரு. பழசு போடுறவங்க எல்லாரும் இந்தக் கேன் வைத்தியத்தைப் பண்ணுங்க, ஒரு வார்த்தை சண்டை போட வேண்டாம்.

பிளாஸ்டிக்குல குடம் தனி, பைப் தனி, தண்ணி பாட்டில் தனின்னு பிரிச்சு வச்சா விலை கூடும், ஏன்னா ஒண்ணா உருக்குனா எதுக்கும் உதவாது, பைப் வேற ஜாதி பிளாஸ்டிக். பால் கவரைக் கழுவிக் காய வச்சா அதையும் எடுத்துக்குவாங்க. கவரை வெட்டுறப்ப மூலையை முழுசா நறுக்கிப் போடாதீங்க, அந்தத் துணுக்கு யாருக்கும் சிக்காம மண்ணோட போயிடும். சிப்ஸ் பாக்கெட்டை ஒருத்தரும் சீண்டல, உள்ள பளபளன்னு இருக்கிற அலுமினியப் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க முடியாதாம். தூக்குற பை, கப்பு எல்லாத்தையும் 2019 ஜனவரியிலயே தடை பண்ணாங்க, பாக்கெட்டு மட்டும் பாட்டுக்கு வந்துட்டே இருக்கு, வாய்க்கால் தூர்வாருறப்ப மண்ணோட மண்ணா வர்றதைப் பாத்தா வயிறு எரியுது.

கண்ணாடியில முழு பாட்டில் மட்டும்தான் போச்சு. உடைஞ்சது வேணாம்னுட்டாரு, கனம் ஜாஸ்தி, வண்டி வாடகைக்கே கட்டாதாம்.

கடைசியா அந்த டப்பா டிவி. கடைக்காரர் கூட வந்த பையன் ஆசையாத்தான் பாத்தான், பின்னாடி கழட்டி கழுத்துல சுத்தியிருக்கிற செம்புக் கம்பிச் சுருளை ரெண்டு விரலால தட்டிக் காட்டி "இது மட்டும் போதும்க்கா"ன்னான். அப்போ கண்ணாடிக் குடுவை? "ஆத்துப் பக்கம் போட்டுருவோம்." அதுல ஈயம் கலந்திருக்கு, எப்புடிக் குடுக்குறது? டவுன்ல குப்பை எடுக்கிற ஆபீஸுக்குப் போனா, டேபிள்ல இருந்தவரு நிமிராமயே "நீங்க ஊராட்சிதானம்மா, இங்க எடுக்க மாட்டோம்"னாரு. ஊராட்சியில கேட்டா மூணு சக்கர வண்டியில மக்குறது மக்காதது மட்டும்தான், டிவிக்கு டவுன்ல கேளுங்கன்னாங்க. மறுபடி டவுனு. அங்க சாப்பாட்டு நேரம். மின்னணுக் கழிவை மறுசுழற்சி பண்ண வைக்கிற பொறுப்பு கம்பெனிக்குன்னு 2022 விதி, 2023 ஏப்ரல்லேர்ந்து அமல்லயும் இருக்கு, ஆனா எங்க டிவி செஞ்ச கம்பெனி இப்ப டிவியே செய்யல, யாருகிட்ட போயி நிக்க?

அத்தை பொண்ணு தீபாவளிக்கு புது டிவி வாங்குறேன்னா, எக்ஸ்சேஞ்ச்ல இதை ஏத்தி விட்டோம். ஓடாத டிவிக்கும் ஏதோ கழிச்சாங்க. கழிச்ச காசைவிட போன பெட்ரோல் ஜாஸ்திதான், போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்றேன், எக்ஸ்சேஞ்ச்ல போடுறதா இருந்தா உள்ள இருக்கிற செம்பைக் கழட்ட விடாதீங்க, பிரிச்ச டிவியை எடுக்க மாட்டேன்னு கடையில முன்னாடியே சொல்லிட்டாங்க.

டியூப்லைட்டுதான் இன்னும் பாக்கி. உள்ள பாதரசம், உடைக்கவும் கூடாது, 2016 குப்பை விதியிலயே இந்த மாதிரி ஆபத்தான வீட்டுக் குப்பையைத் தனியா வாங்கணும்னு இருந்துச்சு, எங்கூர்ல வாங்க ஆளில்ல. பழைய புடவையில சுத்தி பரண்ல போட்டு, வர்ற வாடகைக்காரங்ககிட்ட தொடாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எங்கயாவது வாங்குறாங்கன்னா சொல்லுங்க, வண்டி வாடகை நானே குடுத்துக்கறேன்.