சாரல் ஊரில் மழைமானி: பத்துக்கு டம்ளர், ஒன்றுக்கு சிரிஞ்சு

ஜூன் பிறந்து மேற்கு மலையின் கணவாய் வழியே காற்று இறங்கிவிட்டால், தென்காசிப் பக்கம் செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்துப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்புக்கு மழையை அளப்பதைவிட நல்ல செயல்திட்டம் கிடையாது. ஆனால் வழக்கமாகச் செய்வதுபோல் பாட்டிலை வெட்டிப் பக்கத்தில் ஸ்கேலை ஒட்டினால் இங்கே சரிப்படாது. நம் பக்கம் பல நாள் பெய்வது சாரல். பகல் முழுக்கத் தூவினாலும் 2, 3 மி.மீ.தான் சேரும், அதை ஸ்கேலில் வாசிக்கப் பெரியவர்களே திணறுவார்கள். குளிர்பான பாட்டிலின் அடியும் மேடு பள்ளமானது, பூஜ்யம் எங்கே என்றே தெரியாது. கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சமன் செய்தால், வெயில் அடித்த அன்று அந்தத் தண்ணீரும் வற்றிக் கோட்டுக்குக் கீழே போய்விடும். அதனால் பாட்டிலில் சேர்ந்த மழையை வேறு அளவையில் ஊற்றி அளப்பதே சரி.

2 லிட்டர் பாட்டிலை, கழுத்து சரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நேராக இருக்கும் பகுதியில் வெட்ட வேண்டும். முதல் துளையை ஆசிரியர் போட்டுக் கொடுத்தால் மீதியைப் பிள்ளைகள் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். வெட்டிய வாயை கிராஃப் தாளில் கவிழ்த்து வட்டம் வரையச் சொல்லுங்கள். உள்ளே விழும் 1 செ.மீ. கட்டங்களை எண்ண வேண்டும். பாதியோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடலாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு வேண்டாம், அதில் கட்டம் 1 செ.மீ. இருக்கும் என்று நம்ப முடியாது. பெரும்பாலும் 90 கட்டம் சுமாராக வரும். வெட்டும்போது வாய் நசுங்கி முட்டை வடிவமானால் எண்ணிக்கை குறையும். வட்டமாகப் பிடித்து வரைய வேண்டும். பிறகு மூடியைக் கழற்றிய மேல்பாகத்தைத் தலைகீழாக உள்ளே வைத்து, இரண்டு விளிம்பும் சமமாக இருக்கும்படி டேப் சுற்றினால் புனல் ஆயிற்று.

90 கட்டத்தின் மேல் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 9 மி.லி. ஏன் என்பதைப் பிள்ளைகள் கையாலேயே காணலாம்: 1 மி.மீ. கனமுள்ள அட்டையில் 1 செ.மீ. சதுரமாகப் பத்து வெட்டி அடுக்கினால் 1 செ.மீ. கனசதுரம் வரும். ஒரு கனசதுரம் 1 மி.லி., 90 சதுரத்துக்கு ஒன்பது கனசதுரம். உங்கள் பாட்டிலில் 85 கட்டம் வந்தால் 8.5 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு வாங்கி, 9-ல் அழியாத மையால் கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை ஒருமுறை உறிஞ்சினால் 1 மி.மீ. மழை. கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டம்ளரில் பத்து சிரிஞ்சு, அதாவது 90 மி.லி., ஊற்றி அங்கே ஒரு கோடு. பாட்டிலில் சேர்ந்த மழையைக் கோடு வரை டம்ளர் டம்ளராக ஊற்றி, மீதியை சிரிஞ்சால் உறிஞ்சி எண்ண வேண்டும். ஒரு டம்ளர் 10 மி.மீ. மூன்று டம்ளரும் நான்கு சிரிஞ்சும் என்றால் 34 மி.மீ. பத்துகளும் ஒன்றுகளும் என்று கரும்பலகையில் படுத்தி எடுக்கும் இடமதிப்பு இங்கே தண்ணீராக நிற்கிறது. இதற்காகவே மூன்றாம் வகுப்பிலும் இதைச் செய்யலாம் என்பேன். சிரிஞ்சில் காற்றுக் குமிழ் புகுந்தால் அளவு கூடிவிடும். நுனி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். அளந்த தண்ணீரைக் கொட்டாமல் வேறு பாத்திரத்தில் வைத்து இரண்டாம் குழுவும் அளக்கட்டும்.

வைக்கும் இடம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. வேம்புக்கடியிலோ வராந்தா ஓரத்திலோ வைத்தால் இலைச் சொட்டும் கூரைத் தண்ணீரும் விழும். சுவர் 4 மீட்டர் உயரமென்றால் 8 மீட்டராவது தள்ளி வையுங்கள். கணவாய்க் காற்று வெற்றுப் பாட்டிலை உருட்டிவிடும் என்பதால் சுற்றிலும் நான்கு செங்கல். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கட்டும்; தாழ்ந்தால் மண் தெறிக்கும். எப்படி வைத்தாலும் காற்றோடு சாய்ந்து வரும் சாரல் கொஞ்சம் குறைவாகவே விழும். அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

வானிலைத் துறை காலை 8.30-க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுகிறது. பள்ளியில் பிரார்த்தனை முடிந்ததும் அளக்கலாம், ஆனால் தினமும் அதே நேரம். மழை இல்லையென்றால் 0, பார்க்கவில்லையென்றால் கோடு, சிரிஞ்சில் ஏறாத அளவென்றால் ‘தூறல்’. இந்த மூன்றையும் குழப்பினால் மாதக் கணக்கு வீண். திங்களன்று கிடைப்பது சனி, ஞாயிறு, திங்கள் மூன்றுக்கும் சேர்ந்த மழை. மூன்றாக வகுத்து நிரப்பாமல், மூன்று கட்டத்தையும் இணைத்து ஒரே எண்ணாக எழுதுங்கள்.

பதிவுக்கு, நீலத் தாளில் அன்றைய மழையின் அசல் நீளத்துக்கே கீற்று வெட்டி, சுவரில் தரையிலிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டலாம். மாத மழை கணுக்கால் வரையா, முழங்கால் வரையா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். 1 மி.மீ.க்குக் குறைந்த கீற்றை வெட்ட முடியாது. சேர்த்து வைத்து ஒன்றானதும் ஒட்டுங்கள்.

புளியரை, இலத்தூர், ஆய்க்குடியிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டிலும் அதே ரக பாட்டிலை வைத்தால், கணவாயை விட்டுக் கிழக்கே போகப் போகச் சாரல் குறைவது அவர்கள் எண்ணிலேயே தெரியும். செய்தித்தாளில் வரும் குண்டாறு, அடவிநயினார் அணை மழையளவையும் பக்கத்தில் எழுதலாம். எண்கள் ஒத்துப்போகாது, மலையடியில் பெய்வது ஊருக்குள் பெய்யாது, அதைத் திருத்தக் கூடாது.

தினமும் பாட்டிலை முழுக்கக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், வெறுமனே கவிழ்த்தால் போகாது. நீண்ட விடுமுறை வந்தால் பாட்டிலை எடுத்து வகுப்புக்குள் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.