தலையைச் சிறிதாக வரைந்தவர்கள்

அம்பத்தூரில் ஏழு ஆண்டுகள் நான் பார்த்த வேலை என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய அமெரிக்க வார இதழ்களின் ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்கள் எங்கள் கணினிக்கு வரும். அவற்றில் கார் விளம்பரம் உள்ள பக்கத்தைத் திறந்து, நிறுவனம், மாடல், ஆண்டு, ஓவியமா புகைப்படமா, மனிதர்கள் இருக்கிறார்களா என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அதற்கு முன் நான் சினிமாவுக்கு பேனர் வரைந்துகொண்டிருந்தவன். ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பைப் பறித்துக்கொண்ட பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில் கணினி கற்றுக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். படம் பார்க்கத் தெரிந்த ஆள் என்பதுதான் என்னிடம் அவர்கள் கண்ட ஒரே தகுதி.

சேர்ந்த மூன்றாவது வாரமே ஒரு பக்கத்தைத் தவறாகப் பதிந்தேன். 1915 ஜனவரி 2ஆம் தேதியிட்ட சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழ் அது. 'தலைமைக்குக் கிடைக்கும் தண்டனை' என்று பொருள்படும் தலைப்பு, கீழே முழுக்க எழுத்து. முதலிடத்தில் இருப்பவனைப் பொறாமையும் பழியும் துரத்தும், ஆனாலும் தகுதியுள்ளது நிலைத்து நிற்கும் என்று மேடைப்பேச்சு போல ஓடுகிறது. காரின் படம் இல்லை, கார் என்ற சொல்லும் இல்லை. 'கட்டுரை' என்று பதிந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்த பெண் என் மேசைக்கே வந்தார். "அண்ணா, இது கட்டுரை இல்ல, விளம்பரம். எழுத்தை விடுங்க, சுத்தி இருக்கறதப் பாருங்க" என்றார். பார்த்தேன், காடிலாக் என்று இருந்தது. அந்நிறுவனம் 1914இல் எட்டு சிலிண்டர் வி வடிவ எஞ்சினை அறிமுகம் செய்திருந்தது. தொடக்கத்தில் அதன் மின்னமைப்பில் கோளாறுகள் எழுந்ததால் போட்டியாளர்கள் சீண்டினார்கள். அதற்குப் பதிலடியாக விளம்பர எழுத்தாளர் தியடோர் மக்மேனஸ் எழுதிய பக்கம்தான் இது. அந்த இதழில் ஒரேயொரு முறைதான் வெளியானது என்றாலும், அதன் பிரதி கேட்டுப் பல ஆண்டுகள் கடிதங்கள் வந்துகொண்டிருந்தனவாம். பழுதைப் பற்றிப் பேசாமல் பழுது சொன்னவர்களைச் சிறியவர்களாக்கிய அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றும் முழு மனதோடு ரசிப்பதில்லை, ஆனால் கைத்திறனை மறுக்க முடியாது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1923 ஜூன் 23ஆம் தேதியிட்ட அதே இதழில், ஜார்டன் நிறுவனத்தின் பிளேபாய் காருக்கு வந்த விளம்பரத்தில் ஒரு பெண் காரை ஓட்ட, பக்கத்தில் குதிரைக்காரன் ஒருவன் பாய்ந்து வருகிறான். லாரமி ஊருக்கு மேற்கே எங்கோ இருக்கும் ஒரு துடுக்குக்காரப் பெண்ணைப் பற்றி நிறுவனத்தின் தலைவர் நெட் ஜார்டன் எழுதிய வாசகத்தில் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஏனெனில் கிளீவ்லாந்தில் இருந்த அந்தத் தொழிற்சாலை எஞ்சின் உட்படப் பெரும்பாலான பாகங்களை வெளியே வாங்கிப் பொருத்தி விற்றது.

இந்த விளம்பரங்களின் வாசகத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் கண் நின்றது வேறு இடத்தில். இருபதுகளின் மூடிய கார்கள் ஏறக்குறைய ஆள் உயரம் நின்றவை, புகைப்படங்களில் பார்த்தால் சக்கரம் வைத்த பீரோ போல இருக்கும். அதே காரை ஓவியத்தில் பார்த்தால் கூரை தாழ்ந்து, எஞ்சினை மூடும் முன்மூடி நீண்டு, படகு போல வழுக்கிக்கொண்டு போகும். ஒருநாள் திரையில் படத்தைப் பெரிதாக்கி ஜன்னல் வழியே தெரிந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தபோதுதான் சூட்சுமம் பிடிபட்டது. கூரையைத் தாழ்த்தினால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தலை முட்டும். அதனால் ஓவியர் தலையைச் சிறிதாக்கிவிட்டார். அவள் தலை ஸ்டியரிங் சக்கரத்தில் பாதிகூட இல்லை. கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்காக பேனரில் நாயகனின் முகத்தை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக்கியவன் நான் என்பதால், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தொழில்காரரை அந்த இடத்தில் அடையாளம் கண்டுகொண்டேன்.

ஆண்டு வரிசையில் பக்கங்கள் நகர நகர, ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஓவியர்கள் திருந்திவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். உண்மையில் மாறிக்கொண்டிருந்தது கார். 1926 வாக்கில் பேக்கார்ட் கொண்டுவந்த ஹைபாய்டு பற்சக்கரத்தால், எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு அச்சின் மையத்துக்குக் கீழே இணைய முடிந்தது. தண்டு இறங்கியதால் தரையையும், அதனோடு இருக்கையையும் கூரையையும் இறக்க வழி பிறந்தது. சக்கரங்களும் சுருங்கின. ஃபோர்டு மாடல் ஏ காருக்கு 1928இல் 21 அங்குலமாக இருந்த சக்கரம் 1930இல் 19 ஆனது, 1935 ஃபோர்டு கார்களில் 16க்கு வந்துவிட்டது. டூக்கோ என்ற விரைவில் உலரும் பெயின்ட் 1923இல் ஓக்லாந்து கார்களுக்கு வந்த பிறகு, விளம்பரப் பக்கத்தில் மட்டும் கிடைத்த நீலம் தெருவிலும் மலிவாகக் கிடைத்தது. இவற்றையெல்லாம் ஒரே நோக்கத்துக்குத் திருப்பியவர் ஹார்லி ஏர்ல். ஹாலிவுட் நடிகர்களுக்குக் கார் உடல் கட்டிக்கொண்டிருந்த அவர், களிமண்ணில் உருவம் பிடித்து வடிவமைத்த லாசால் கார் 1927இல் வெளிவந்தது. அந்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் அவருக்கெனக் கலை மற்றும் வண்ணப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்கக் காரை நீளமாக்குவதும் தாழ்த்துவதுமே தன் இருபத்தெட்டு ஆண்டு முதன்மை நோக்கம் என்று அவர் பின்னாளில் எழுதினார். ஓவியர்கள் காகிதத்தில் செய்ததை இவர் தகட்டில் செய்தார் என்றே நான் சொல்வேன்.

இந்தக் கணக்குக்கு அடங்காத கார் 1934இல் வந்த கிறைஸ்லர் ஏர்ஃப்ளோ. காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கப்பட்டது. கிறைஸ்லரின் பொறியாளர் கார்ல் பிரீரும் அவருடைய சகாக்களும் எஞ்சினை முன் அச்சுக்கு மேலே நகர்த்தி, பின்னிருக்கையைப் பின் அச்சுக்கு முன்னே கொண்டுவந்தார்கள். குலுக்கல் குறைந்தது, உள்ளே இடம் கூடியது, பொறியியலில் எல்லாம் சரி. ஆனால் மூக்கு சப்பையாகிவிட்டது. நீண்ட முன்மூடி என்றால் பெரிய எஞ்சின், பெரிய எஞ்சின் என்றால் பெரிய மனிதர் என்று பதினைந்து ஆண்டுகள் விளம்பரங்களே பழக்கிவிட்ட கண்ணுக்கு அது பிடிக்கவில்லை. தலையைச் சிறிதாக்கும் வித்தை அங்கே உதவாது, நீட்டுவதற்கு முன்பக்கம் இருந்தால்தானே? தொடக்ககாலக் கார்களின் குறைபாடுகளும் விற்பனையைக் கெடுத்தன. 1935இல் கூர்மையான புதிய முன்முகப்பைப் பொருத்திப் பார்த்தார்கள். 1937க்குப் பிறகு அந்த மாடலே இல்லை. அந்த 1935ஆம் ஆண்டுப் பக்கங்களைப் பதிந்த நாட்களில் எனக்கு ஏனோ மனம் கனத்தது.

நான் வேலையை விடுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ப்யூக் ஒய் ஜாப் காரின் படம் ஒன்று வந்தது. ஏர்லின் குழு 1938இல் உருவாக்கிய, விற்பனைக்கு வராத கார். ஏறுபடி இல்லை, முகப்பு விளக்குகள் உள்ளே மறைந்துகொள்ளும், சக்கரம் வெறும் 13 அங்குலம். ஓட்டுநர் இருக்கையில் ஏர்லே உட்கார்ந்திருந்தார். ஆறடிக்கு மேல் நான்கு அங்குலம் உயரமான மனிதர் அவர். நெடுநேரம் பார்த்துவிட்டுப் 'புகைப்படம்' என்று பதிந்தேன். மறுநாள் காலை தரச்சோதனையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பி வந்திருந்தது. 'அளவுகள் இயல்பாக இல்லை, ஓவியமா என உறுதிசெய்க' என்று குறிப்பெழுதியிருந்தார்கள்.